சோற்றுருண்டைப் பெண்ணின் நிறம்

எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் மகளின் கம்ப்யூட்டர் இருந்தது. அதன் திரையில் ஒரு பெண் குழந்தை நின்றுகொண்டிருந்தாள். தலை, எண்ணெயில் பொரித்த சோற்று உருண்டை. உடம்பு, உள்ளே கூடாக இருக்கும் மாவுக் குழல். குழலின் இரண்டு முனையிலும் வெள்ளையாகப் பிதுங்கும் பால்கட்டி இனிப்பு. அதுவே அவளுக்குக் கழுத்துப் பட்டையும் பாவாடைக் கரையும். தலையில் பாதாம் மாவில் செய்த பச்சைத் தொப்பி. எல்லாம் இத்தாலியில் சிசிலி என்ற தீவில் காலங்காலமாகச் செய்யும் பண்டங்களாம்.

நான் முதலில் பார்த்தபோது அவளுக்கு நிறமே இல்லை. சிமெண்டில் பிடித்த பொம்மை மாதிரி சாம்பலாக நின்றாள். அவளுக்குத் தோலும் நிறமும் கொடுப்பது என் மகளின் வேலை. அந்த வேலையை நான் கெடுத்தேன். வருடங்கள் கழித்து இப்போதுதான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபுக்குப் பொறுப்பாளராக இருந்தேன். வேதியியல் படித்துவிட்டு அந்த ஒரே வேலையில் இருபது வருடம். வெளிநாட்டிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு துணித்துண்டு வரும். அதை நாங்கள் ஒரிஜினல் என்போம். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்று சாயத்தையும் கூட்டிக் குறைத்து அதே நிறத்தில் நாங்களும் ஒரு துண்டு போட வேண்டும். இரண்டையும் லைட் பாக்ஸ் என்ற விளக்குப் பெட்டிக்குள் ஒட்டி வைத்து நான் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் பட்டறையில் துணி சாயத்தில் இறங்கும். நிறம் தப்பிய துணி காதர்பேட்டைச் சந்தைக்கு மலிவு பனியனாகப் போகும். என் கையால் அப்படிப் போனது மிகக் குறைவு. அந்தக் கர்வம் எனக்கு இருந்தது.

மகளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கோயம்புத்தூரில் அனிமேஷன் படித்துவிட்டு, இங்கேயே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் குழந்தைகள் டி-சர்ட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அந்தக் கம்பெனியிடம் துணி வாங்கும் சிசிலிக்காரர்களின் டிசைனர் ஒரு அம்மாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவர் இருப்பார். வருடத்துக்கு இரண்டு முறை திருப்பூர் வந்து மூன்று வாரம் தங்குவார். என் மகள் நோட்டில் விளையாட்டாகக் கிறுக்கியிருந்த ஒரு முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த அம்மாள்தான் இந்தச் சோற்றுருண்டைப் பெண்ணை ஒப்படைத்தார். துணியில் அச்சடிக்க மட்டுமல்ல, திரையில் ஓடி ஆடவும் வேண்டும். இது சரியாக வந்தால் ஆறு மாதம் தன் ஊருக்குக் கூட்டிப் போய் அங்கே ஒரு ஸ்டுடியோவில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார். மகள் பாஸ்போர்ட் எடுத்தாள். நான் ரத்த அழுத்த மாத்திரையை ஆரம்பித்தேன்.

அந்த அம்மாள் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்கே வந்தார், சமைக்க. "சாப்பிட்டுப் பார்க்காமல் தோல் வரையக் கூடாது" என்றாராம். பச்சரிசியைக் குழைய வேகவைத்துக் குங்குமப்பூ போட்டு ஆற வைத்தார். உள்ளே பட்டாணியும் சீஸும் வைத்து உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டி, நான் போண்டா சுடும் அதே வாணலியில் பொரித்தார். பெயர் அரஞ்சீனா. குழலுக்கு ஊரிலிருந்தே உலோகக் குழாய்களைக் கொண்டுவந்திருந்தார். மாவை அதில் சுற்றி எண்ணெயில் விட்டதும் ஓடு முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளமாகப் பொங்கியது. என் மகள் ஒவ்வொரு கொப்புளத்தையும் கேமராவில் பிடித்தாள். நான் வாசல் பக்கம் நின்றேன். என் அடுப்படியில் எனக்கு நிற்க இடமில்லை.

என் வீட்டுக்காரர் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். ஒரு உருண்டையைப் பிட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"ஏம்புள்ள, சோத்த உருட்டி போண்டா சுட்டிருக்குது அந்தம்மா. நம்மூட்டுல மிஞ்சுற சோத்துக்கு இனிக் கவலையில்ல போ."

"ஐயோ அப்பா, அவங்களுக்குப் புரிஞ்சிரப் போவுது, சும்மா இருங்க!" என்று மகள் அதட்டினாள். அதட்டிக்கொண்டே நாலாவது உருண்டையை எடுத்தாள். நான் போண்டா சுட்டால் அதைக் காகிதத்தில் வைத்து அமுக்கி, "எவ்வளவு எண்ணெய் பாருங்கம்மா" என்று காட்டுகிறவள்.

அந்த அம்மாள் என் மகளின் கன்னத்தில் ஒட்டியிருந்த ரொட்டித்தூளைத் துடைத்துவிட்டு "தெசோரோ" என்றார்.

"அப்படின்னா என்ன கண்ணு?" என்று பிறகு கேட்டேன்.

"செல்வம்னு அர்த்தமுங்கம்மா. புதையல்னும் சொல்லலாம்." சொல்லும்போது அவள் முகம் சிவந்தது.

நான் அவளைப் பிறந்ததிலிருந்து சாமி என்றும் கண்ணு என்றும்தான் கூப்பிடுகிறேன். ஒருநாளும் அவள் முகம் அப்படிச் சிவந்ததில்லை.

அன்றிலிருந்து வீட்டில் "அவங்க" என்ற சொல் அதிகமாயிற்று. அவங்க பால் இல்லாமல்தான் காபி குடிப்பாங்க. அவங்க தலையைத் தூக்கி முடிஞ்சுக்குவாங்க. மகளும் பால் இல்லாமல் குடித்து முகம் சுளித்தாள். தலையைத் தூக்கி முடிந்தாள். ஒரு மாலையில் துணி மடித்துக்கொண்டே எத்தனை "அவங்க" என்று எண்ணினேன். பதினெட்டுக்கு மேல் எண்ணப் பிடிக்கவில்லை.

அந்த அம்மாள் ஊர் திரும்பிய பின் வேலை முழுவீச்சில் நடந்தது. காலையில் கம்பெனிக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம், சாயங்காலம் வந்ததும் இரண்டு மணி நேரம். நான் காய் நறுக்குகிற சாக்கில் பின்னால் உட்கார்ந்து பார்ப்பேன். பனியனைத் தையல் பிரித்து முன்பாகம், பின்பாகம், கை என்று மேஜைமேல் விரிப்பதுபோல, அந்தப் பொம்மையின் தோலைப் பிரித்துத் தட்டையாக விரித்தாள். அதன்மேல் ரொட்டித்தூளின் பொருபொருப்பை வரைந்தாள். எது மேடு, எது பள்ளம் என்று சொல்ல இன்னொரு கறுப்பு வெள்ளைப் படம் தனியாக. எல்லாவற்றையும் மறுபடி மடித்துப் பொம்மைக்குப் போர்த்தினால், தையல் எங்கே என்று தெரியக் கூடாது. எனக்கு அது புரிந்தது. புரிகிறது என்று அவளிடம் காட்டவும் ஆசையாக இருந்தது.

"கன்னத்துல சிவப்பு கொஞ்சம் தூக்கலாம் சாமி," என்றேன் ஒருநாள்.

"அம்மா, இது துணி இல்லீங்க."

"நெறம் நெறந்தான கண்ணு?"

"இதுல வெளிச்சம் வேற மாதிரி வேலை செய்யும்மா. அவங்களுக்கு அனுப்பியிருக்கேன். அவங்க சொல்லட்டும்."

திருப்பூரில் எத்தனை கம்பெனிக்காரர்கள் என் ஒரு வார்த்தைக்காக லேப் வாசலில் நின்றிருக்கிறார்கள். என் மகள் கடல் தாண்டி மெயில் போட்டு நிறம் கேட்டாள்.

அந்த அம்மாள் போகும்போது, காற்றுப் புகாத டப்பாவில் நாலு குழல் ஓடுகளை விட்டுப் போயிருந்தார். உள்ளே இனிப்பு வைக்காத வெறும் ஓடு, வாரக்கணக்கில் கெடாது. அதன் நிறத்தையும் திரையின் நிறத்தையும் நான் தினமும் கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒத்துவரவில்லை. திரையில் இருந்தது கொஞ்சம் வெளிறி, நீலம் கலந்திருந்தது. எனக்குக் கை அரித்தது.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் தோழி கல்யாணத்துக்குக் காங்கேயம் போனாள். கம்ப்யூட்டரை அணைக்காமல் போயிருந்தாள். வீட்டுக்காரர் மெஷின் ஷெட்டில் இருந்தார். நான் டப்பாவைத் திறந்து ஒரு குழலை எடுத்து, திரையில் தெரிந்த குழலுக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவளுடைய படத்தைத் தொட எனக்குத் தெரியாது. ஆனால் மானிட்டரின் அடியில் இருக்கும் பொத்தான்கள் தெரியும். எங்கள் லேபில் சர்வீஸ்காரர் அவற்றை அமுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அமுக்கினால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கோடு வரும். மூன்று சாயம். என் வாழ்க்கை முழுக்க நான் செய்த வேலை.

சிவப்பை ஏற்றினேன். நீலத்தை இறக்கினேன். பச்சையை ஒரு முள் குறைத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கையில் இருந்த ஓடும் திரையில் இருந்த ஓடும் ஒரே நிறமாக நின்றன.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மகளுக்கு உதவினேன் என்ற சந்தோஷம் அல்ல. அந்த அம்மாளால் முடியாததை நான் முடித்தேன் என்பதுதான். மகள் வந்து பார்த்து, "இன்னிக்கு எப்படிங்கம்மா இவ்வளவு அழகா இருக்குது?" என்று கேட்பாள், அப்போது சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

அவள் கேட்கவில்லை. கல்யாணக் களைப்பில் படுத்தாள். மறுநாள் காலை திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "ஒரு நாள் விட்டுட்டுப் பாத்தா எல்லாமே ரொம்பச் செவப்பா தெரியுது. இத்தன நாள் கவனிக்கலியே நானு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு தன் படத்தில் சிவப்பைக் குறைக்க ஆரம்பித்தாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். குக்கர் விசில் அடித்தது, லேபுக்கு நேரமாயிற்று, கிளம்பிவிட்டேன். உண்மையில் நான் கோபித்துக்கொண்டேன். நான் கொடுத்த நிறம் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று.

அந்த வாரம் தினமும் அவள் பொம்மையின் முகத்தில் சிவப்பைக் குறைத்தாள், மஞ்சளடித்துத் தெரிந்த பால்கட்டியை வெள்ளையாக்க நீலத்தைக் கூட்டினாள். வியாழக்கிழமை சாயங்காலம், "முடிச்சுட்டேனுங்கம்மா!" என்று என்னைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் சிசிலிக்கு அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை பதில் வந்தது. அவள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். மீதியை நான் தோளுக்கு மேலே படித்தேன். முகம் பச்சை பூத்துக் கெட்டுப்போன சோறு மாதிரி இருக்கிறது. வெள்ளை இனிப்பு நீலமாக இருக்கிறது. எந்தக் குழந்தையும் இதைத் தொடாது. உன் பக்கத்தில் நின்று சமைத்தேனே, நீ பார்க்கவே இல்லையா? கடைசி வரியில் தெசோரோ இல்லை.

பச்சை, நீலம் என்று படித்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் திரையில் சரியாகத் தெரிந்தது வேறு எந்தத் திரையிலும் சரியாகத் தெரியாது. திரையில் நான் ஏற்றிய சிவப்புக்கு ஈடாக அவள் படத்தில் குறைத்திருந்தாள்; நான்தான் காரணம்.

எங்கள் தொழிலில் லைட் பாக்ஸின் விளக்கை யாரும் கேட்காமல் தொடக் கூடாது. விளக்கை மாற்றினால் பதிவேட்டில் நேரத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாமல் மாற்றியது தெரிந்தால், அந்த நேரத்திலிருந்து கொடுத்த அத்தனை ஓகேயும் ரத்து. எழுதாமல் மாற்றிய ஒரு பெண்ணை நானே வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறேன். அவள் அழுதபோதும் மனம் இரங்கவில்லை.

இதெல்லாம் தெரிந்தும் அந்தச் சனிக்கிழமை நான் வாயைத் திறக்கவில்லை. ஞாயிறும் திறக்கவில்லை. திங்கள், செவ்வாய்.

ஏனென்றால் அந்த நாலு நாளும் அவள் எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தாள். கம்ப்யூட்டர்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டாள். அடுப்படி மேடையில் உட்கார்ந்து என்னோடு பேசினாள். பால் ஊற்றிய காபி கேட்டாள். ஒரு சாயங்காலம் நான் பருப்பு வடை சுட்டேன்; காகிதத்தில் அமுக்காமல் ஏழு தின்றாள். என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, "வெளிநாடெல்லாம் நமக்கு எதுக்குங்கம்மா?" என்றாள். தலையைக் கோதிக்கொண்டே "உன் இஷ்டம் சாமி" என்றேன். அந்த அம்மாள் தோற்றார் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. மடியில் ஈரம் பட்ட பிறகுதான் அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. அப்போதும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் தன் அப்பாவிடம் கேட்டாள். "அப்பா, என்னைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? எனக்குக் கலர் சரியாத் தெரியலைங்க."

"என்ன சாமி சொல்ற? உங்கம்மா கண்ணுல பாதி இருந்தாலே ஊருக்கே நெறம் பாத்துச் சொல்லலாமே!"

"அதெல்லாம் எனக்கு வர்லீங்கப்பா."

மறுநாள் ஷெட்டில் அவருக்கு வேலை; நான்தான் கூட்டிப்போனேன். புள்ளிகளுக்கு நடுவே எண் மறைந்திருக்கும் அட்டைகளை டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். என் மகள் தயங்காமல் வாசித்தாள். பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது. ஒன்றுகூடத் தப்பவில்லை. "கண்ணு ரொம்ப நல்லா இருக்குதும்மா" என்று டாக்டர் சிரித்தார்.

வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளுக்குச் சந்தோஷமே இல்லை.

"கண்ணு நல்லாத்தான் இருக்குதாம். அப்ப எனக்கு வேலைதான் வர்லீங்கம்மா. உங்க லேப்புல பதிவேடு எழுதற மாதிரி ஏதாச்சும் வேலை இருந்தா பாருங்க. உங்ககூடவே வந்துர்றேன்."

நான் ஆசைப்பட்டது அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. தினமும் ஒரே பஸ்ஸில் போய்வருவோம். மதியம் ஒரே டிபன் பாக்ஸ். பெஞ்சில் அவள் பக்கம் திரும்பினேன்.

"மானிட்டரைத் தொட்டது நானு கண்ணு."

அவளுக்குப் புரியவில்லை. முழுதாகச் சொன்னேன். டப்பா, ஓடு, மூன்று கோடு. அவள் என் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எதுக்குங்கம்மா?"

"நெறத்தைச் சரி பண்ணலாம்னுதான்."

"லேப்புல யாராச்சும் இப்படிப் பண்ணீருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"வேலைய விட்டு அனுப்பிருவேன்."

அவள் தலையாட்டினாள். பிறகு, "இதுனாலதான்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?" என்றாள்.

"இப்பத்தான். டாக்டரு கண்ணு நல்லாருக்குன்னு சொன்னப்பத்தான் தோணுச்சு."

அந்தப் பொய் எனக்குத் தயாராக இருந்தது. எவ்வளவு சுலபமாக வந்தது என்பது இன்றும் என்னை உலுக்குகிறது.

வீட்டுக்கு வந்ததும் மானிட்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாள். திரையில் அந்தப் பெண் பச்சையும் நீலமுமாக நின்றதைப் பார்த்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மானிட்டர் கெட்டிருந்தது, ஒரு வாரம் கொடுங்கள் என்று எழுதினாள். யார் கெடுத்தது என்று எழுதவில்லை. அன்றே கம்ப்யூட்டரைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றித் தன் கம்பெனிக்குக் கொண்டுபோனாள். ஹாலில் அந்த மேஜை மட்டும் நின்றது. வீட்டுக்காரர், "ஏம்புள்ள, கம்ப்யூட்டரு கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சா?" என்றார். நடந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் சோற்றுருண்டைப் பெண் பொன்னிறமாக, பொருபொருவென்று, உடம்பெல்லாம் கொப்புளங்களோடு சிசிலிக்குப் போனாள். என் மகள் அந்த வருடம் ஜூன் மாதத்தில் போனாள்.

ஞாயிறுதோறும் மத்தியானம் போன் வரும். அங்கே என்ன சாப்பிட்டாள், எந்தத் தெருவில் நடந்தாள் என்று சொல்வாள். அந்த அம்மாள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தாள். நான் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறேன்போல, எனக்கே தெரியவில்லை. மூன்றாவது மாதம் ஒருநாள் அவள் சிரித்துவிட்டாள்.

"ஏனுங்கம்மா, அவங்க என்ன சமைச்சாங்கன்னே கேக்கறீங்களே. இன்னும் பொறாமையா உங்களுக்கு?"

அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெஞ்சில்கூடச் சொல்லவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியுமுங்க. நெறத்தச் சரி பண்றவங்க, பண்ணீட்டுச் சொல்லாம இருக்க மாட்டாங்க."

இவ்வளவு தெரிந்தவளிடம் மீதியையும் மறைப்பது அசிங்கமாகப் பட்டது.

"கண்ணு, அந்த டாக்டரு சொன்னப்பத் தெரிஞ்சுதுன்னு சொன்னனல்லோ. அது பொய்யி. அந்த மெயில் வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் எங்கோ ஸ்கூட்டர் போனது. யாரோ மாடியில் அவளைக் கூப்பிட்டார்கள்.

"நான் உங்க மடியில படுத்திருந்தப்பவா?"

"ஆமா சாமி."

"சரிங்க. வெச்சர்றேன்."

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு மணி அடித்தபோது வீட்டுக்காரர்தான் எடுத்தார். மழையைப் பற்றியும் கரண்ட் கட்டைப் பற்றியும் நிறையப் பேசிவிட்டு, "உங்கிட்டக் கொடுக்கச் சொல்லுது" என்று நீட்டினார்.

"ஆறு மாசம் முடிஞ்சதும் இங்கயே இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்கம்மா," என்றாள். "அப்பாகிட்ட இன்னும் சொல்லல. மொதல்ல உங்ககிட்டக் கேக்கறேன். என்ன பண்ணட்டும்?"

என் விடையை வைத்து அவள் முடிவு செய்யப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கிறாள். இருந்துட்டு வா சாமி என்று சொல்ல வாயெடுத்தேன். அது நல்ல அம்மாவின் பதில். ஆனால் அதுவும் அந்தப் பெஞ்சில் வந்த பொய்யைப் போலவே சுலபமாக வருகிறது என்று பட்டது.

"எனக்கு நீ வந்தரணும்னு இருக்குது," என்றேன். "அந்தம்மா மேல எரிச்சலா இருக்குது. அதனால என்கிட்டக் கேக்காத கண்ணு. நீயே பாத்துக்க."

அவள் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. "சரிங்கம்மா," என்றாள். பிறகு அந்த ஒரு வருடமும் அங்கேயே இருந்தாள்.